விவிலியம் கற்போர்க்கு இணையம் தரும் சான்றுகள்

ஒரு சமயத்தின் மறைநூலை இருவகையாகக் கற்கலாம். அந்நூலைத் தம் வாழ்வுக்கு வழிகாட்டியாகக் கொண்டோர் பத்தியுடன் ஓதுதல் ஒருவகை. அந்நூல் எந்நாட்டில், எக்காலத்தில், எம்மொழியில், எத்தகைய மக்களிடையே தோன்றிற்று என்பதை வரலாற்று முறையில் ஆராய்தல் மற்றொருவகை. முன்னையது அவ்வச் சமயத்தார்க்கே உரியது. பின்னையது சமய வேறுபாடின்றிக் கற்போர் யாவர்க்கும் பொதுவானது. இக்கட்டுரை பின்னையதைப் பற்றியதே.

இவ்வகை ஆராய்ச்சிக்கு மூலநூற் பிரதிகள், அகராதிகள், கல்வெட்டுப் பதிப்புகள், தொல்பொருள் அறிக்கைகள் என்பன இன்றியமையாதவை. அவை பெரும்பாலும் பல்கலைக்கழக நூலகங்களிலேயே இருந்தமையால், ஹற்றன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களில் வாழும் மாணவர்க்கு எட்டாப் பொருளாகவே இருந்து வந்தன. வெளிவாரி மாணவனாகப் பட்டப்படிப்பை மேற்கொண்ட காலத்தில், ஒரு நூலின் இரண்டொரு பக்கங்களைப் பார்த்தற்கு விடுமுறை நாளை எதிர்நோக்கியிருந்து கண்டிக்குப் புகைவண்டி ஏறியவர்களுள் யானும் ஒருவன். இன்று அந்நிலை பெரிதும் மாறியுள்ளது. அரிய சுவடிகளும் நூல்களும் இணையத்தின் வாயிலாக மாணவன் கையிலுள்ள தொலைபேசிக்கே வந்து சேர்கின்றன. ஆயினும் அவை எங்கே உள்ளன, எவ்வொழுங்கில் அவற்றை அணுக வேண்டும் என்பன தெரியாவிடின், கிடைத்தும் பயனில்லை. அவ்வொழுங்கினை ஓர் எடுத்துக்காட்டின் வழி விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நமக்கும் விவிலியத்துக்கும் உள்ள தொடர்பு

இந்துக் கல்லூரியொன்றின் ஆண்டு மலரில் விவிலியத்தைப் பற்றிய கட்டுரை எற்றுக்கு எனச் சிலர் வினவலாம். அவர்க்கு ஆறுமுக நாவலர் (1822–1879) வாழ்வே தக்க விடையாகும். யாழ்ப்பாணத்து வெசிலியன் மிஷன் பாடசாலையிற் பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் விளங்கிய நாவலர், பேர்சிவல் பாதிரியார்க்குத் துணைநின்று விவிலியத்தைத் தமிழாக்கும் பணியிற் பல ஆண்டுகள் உழைத்தார். அம்மொழிபெயர்ப்பு 1850ஆம் ஆண்டு வெளிவந்தது. நாவலரோ தம் சமயத்தினின்றும் சிறிதும் வழுவினாரல்லர். 1854இல் அவர் வெளியிட்ட ‘சைவதூஷணபரிகாரம்’ என்னும் நூல், சைவக் கிரியைகளைப் பழித்தோர்க்குப் பழைய ஏற்பாட்டிலிருந்தே சான்று காட்டி விடையிறுப்பது. பிறர் மறைநூலை ஆழ்ந்து கற்றவராலன்றி அத்தகையதொரு நூலை எழுதுதல் இயலாது.

அதே 1854ஆம் ஆண்டில், மத்திய மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களிற் பணிபுரிந்த தமிழ்த் தொழிலாளரிடையே ஊழியம் செய்தற்கெனத் ‘தமிழ்க் கூலி மிஷன்’ தொடங்கப்பெற்றது. அக்காலந்தொட்டு மலையகத் தமிழரிடையே விவிலியம் வழங்கி வருகின்றது. இன்று ஒரே லயத்தில் ஒரு வீட்டிற் கந்தசஷ்டி விரதமும் அடுத்த வீட்டிற் தவக்கால நோன்பும் நடைபெறக் காண்கின்றோம். அயலவர் போற்றும் நூலின் வரலாற்றை அறிதல் நமக்குப் புறம்பான செயலன்று.

வகுப்பறையில் எழுந்த வினா

பண்டைத் தமிழரின் கடல் வணிகத்தைக் கற்பிக்கும்போது ஒரு செய்தியைப் பல ஆண்டுகளாக யான் மாணவர்க்குக் கூறி வந்தேன். சாலமோன் அரசனுடைய கப்பல்கள் மயில்களைக் கொண்டு சென்றன என்று விவிலியம் கூறுகின்றது. அவ்விடத்து வரும் எபிரேயச் சொல் தமிழிலுள்ள ‘தோகை’ என்பதன் திரிபே. ஆதலின் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழகத்துக்கும் பாலத்தீனத்துக்கும் வணிகம் நிகழ்ந்தமை ஐயமின்றிப் பெறப்படும் என்பதே அது. பரீட்சைக் குறிப்புகளிற் படித்ததை யான் வேறெங்கும் ஒப்புநோக்கிப் பார்த்திலேன்.

ஒருநாள் உயர்தர வகுப்பு மாணவியொருத்தி, அவ்வசனத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பொன்றைத் தன் தொலைபேசியிற் காட்டினாள். அதில் மயில் இல்லை. அதனிடத்தில் ‘பபூன்’ என்னும் குரங்கே இருந்தது. தமிழ் விவிலியத்தில் மயிலாக இருப்பது ஆங்கிலத்திற் குரங்காயது எவ்வாறு என்றும், குரங்காயின் தோகை எங்ஙனம் பொருந்தும் என்றும் அவள் வினவினாள். விடை கூற இயலாது அடுத்த வாரம் வரை தவணை கேட்டேன். அவ்வாரத்து மாலைப் பொழுதுகளில் யான் தேடிக் கண்டவையே கீழே தரப்படுகின்றன.

முதற்படி: மூலபாடம்

ஆராய்ச்சியின் முதற்படி மொழிபெயர்ப்பைக் கடந்து மூலபாடத்தை அடைதலாகும். நாம் தேடும் வசனம் பழைய ஏற்பாட்டில் அரசர் முதல் நூல் 10ஆம் அதிகாரத்து 22ஆம் வசனம். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அந்நூல் இராஜாக்கள் எனப் பெயர் பெறும். எபிரேயம் அறியாதாரும் மூலத்தைப் பார்த்தற்கு வழியுண்டு. கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள டின்டேல் ஹவுஸ் என்னும் ஆராய்ச்சி நிலையத்திற் தொடங்கப்பெற்ற ‘ஸ்டெப் பைபிள்’ என்னும் இணையத்தளம், ஒவ்வொரு சொல்லுக்கும் நேரான எபிரேய அல்லது கிரேக்கச் சொல்லையும், அதன் பொருளையும், அது வருமிடங்களையும் இலவசமாகத் தருகின்றது. ‘செபாரியா’ என்னும் தளத்தில் எபிரேய மூலமும் யூத உரையாசிரியர் பலரின் உரைகளும் ஒருங்கே உள.

அங்கே பார்க்குமிடத்து, மயில் எனப் பெயர்க்கப்பட்ட சொல் ‘துக்கிய்யீம்’ என்பது தெரிய வருகின்றது. ‘ஈம்’ என்பது எபிரேயத்திற் பன்மை விகுதி. இச்சொல் விவிலியம் முழுவதிலும் இவ்விடத்தும், இதே செய்தியைக் கூறும் குறிப்பேடு இரண்டாம் நூல் 9ஆம் அதிகாரம் 21ஆம் வசனத்தும் மாத்திரமே வருகின்றது. இவ்வாறு அருகி வழங்கும் சொற்களின் பொருளைத் துணிதல் எம்மொழியிலும் அரிதேயாகும்.

அடுத்து, எபிரேயத்தினின்றும் கி. மு. 3ஆம் நூற்றாண்டு முதலாகப் பெயர்க்கப்பட்ட ‘எழுபதின்மர் மொழிபெயர்ப்பு’ என்னும் கிரேக்கப் பாடத்தை ஒப்புநோக்க வேண்டும். அப்பாடத்தைக் கொண்ட 4ஆம் நூற்றாண்டுச் சுவடியொன்று வத்திக்கான் நூலகத்தில் உளது. அதன் பக்கங்கள் அந்நூலகத்தின் இணையத்தளத்தில் வெளியிடப்பட்டுள்ளன. அச்சுவடியின் வழிவரும் பாடத்தில் அரசர் நூல் வசனத்தில் மயிலும் இல்லை, குரங்கும் இல்லை. பொன், வெள்ளி, செதுக்கப்பட்ட கற்கள் என்பனவே உள. குறிப்பேட்டு நூலிற் குரங்கு உண்டு, மயில் இல்லை. இலத்தீன் மொழிபெயர்ப்பிலோ மயில் இடம்பெறுகின்றது. ஆகவே மாணவியின் வினா இன்று நேற்றுத் தோன்றியதன்று. பண்டை மொழிபெயர்ப்பாளரும் இச்சொல்லில் ஒருமைப்பட்டிலர்.

சுவடிகளைப் பற்றி ஈண்டுச் சிறிது கூறுதல் தகும். பழைய ஏற்பாடு முழுவதையும் கொண்ட எபிரேயச் சுவடிகளுள் மிகப் பழையது, லெனின்கிராட் சுவடி எனப்படும் 1008ஆம் ஆண்டுப் பிரதியாகும். 1947 முதற் சாக்கடலையடுத்த கும்ரான் குகைகளிற் கண்டெடுக்கப்பட்ட ஏடுகள், அதற்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் முற்பட்ட பாடங்களை உலகுக்கு அளித்தன. அவற்றுள் ஏழு மீற்றருக்கு மேல் நீளமுடைய எசாயா சுருளை 2011 முதல் இஸ்ரேல் நூதனசாலையின் தளத்திற் காணலாம். ஏனைய துண்டுகளின் படங்களை இஸ்ரேல் தொல்பொருள் திணைக்களம் 2012 முதல் வெளியிட்டு வருகின்றது. இலண்டன், லைப்சிக், சென்பீற்றர்ஸ்பேர்க், சீனாய் மலை மடம் ஆகிய நான்கிடங்களிற் சிதறிக் கிடந்த 4ஆம் நூற்றாண்டுச் சீனாய்ச் சுவடி, 2009ஆம் ஆண்டு இணையத்தில் ஒன்று சேர்க்கப்பட்டது. முன்னர்ப் பேரறிஞர் சிலரே கண்ணுறப் பெற்றவற்றை இன்று டிக்கோயாவிலோ பொகவந்தலாவையிலோ இருந்தவாறே காணலாம்.

இரண்டாம்படி: சொல்லாராய்ச்சி

‘துக்கி’ என்பது ‘தோகை’ என்பதன் திரிபு என்னும் கருத்தைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர் கால்டுவெல் ஐயராவர். 1856இல் வெளிவந்த அவரது திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை ‘இன்டர்நெட் ஆர்க்கைவ்’ என்னும் இணைய நூலகத்தில் முழுவதும் படிக்கலாம். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும், பரோ, எமனோ என்னும் இருவர் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியும் சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் தளத்தில் உள. அவற்றைப் புரட்டின், தோகை என்பது வாலையும், தொங்குவதையும், மயிலின் இறகுத் தொகுதியையும், மயிலையும் குறித்தல் புலனாகும். தெலுங்கில் ‘தோக’ என்பது வாலையே குறிக்கின்றது. எனவே, வால் என்பதே அடிப்படைப் பொருளாக, மயிலைக் குறித்தல் நம் இலக்கணத்திற் சினையாகுபெயர் எனப்படுவதன்பாற்படும்.

எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹாயிம் றாபின், 1968இற் சென்னையில் நடைபெற்ற இரண்டாவது உலகத் தமிழ் மாநாட்டிற்கு, எபிரேய விவிலியத்திலுள்ள கடன்சொற்களைக் கொண்டு தமிழகத்துக்கும் பாலத்தீனத்துக்கும் இடையிலான வணிகத்தை ஆராயும் கட்டுரையொன்றை அளித்தார். எபிரேயத்தைத் தம் துறையாகக் கொண்ட அறிஞரொருவரே அக்கருத்துக்குத் துணைநின்றமை நாம் மனங்கொள்ளத் தக்கது. இதற்கு மாறாக, அமெரிக்க அறிஞர் ஆல்பிரைட் அச்சொல்லை எகிப்திய மொழியிற் குரங்கைக் குறிக்கும் சொல்லொன்றோடு இணைத்தார். அவ்வசனத்தில் அதற்கு முன்வரும் ‘கோபீம்’ என்பது குரங்குகளைக் குறிப்பதால், இரண்டும் இருவேறு குரங்கினங்களாகலாம் என்பது அவர் பக்கத்தாரின் கருத்து. மாணவி காட்டிய ஆங்கில மொழிபெயர்ப்பிற் ‘பபூன்’ இடம்பெற்றமைக்குக் காரணம் இதுவே.

மூன்றாம்படி: காலமும் இடமும்

சொல்லொலி ஒத்தல் மாத்திரம் போதிய சான்றாகாது. காலமும் இடமும் ஒத்தல் வேண்டும். சாலமோன் கி. மு. 10ஆம் நூற்றாண்டினன் என்பர். அவன் வரலாற்றைக் கூறும் அரசர் நூல்கள் இன்றைய வடிவை அடைந்தது கி. மு. 6ஆம் நூற்றாண்டளவில் என்பது ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் கருத்து. ஆகவே, அச்சொல் சாலமோன் காலத்ததா, நூலாசிரியர் காலத்ததா என்னும் வினா எழுகின்றது. மறுபுறம், தமிழில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளும் சாலமோனுக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டவையே. அக்காலத்துத் தமிழ் பேசப்படவில்லை என்பது இதனாற் பெறப்படாது. அக்காலத்துத் ‘தோகை’ என்னும் சொல் எவ்வாறு ஒலித்தது என்பதற்கு நேர்ச்சான்று இல்லை என்பதே பெறப்படும்.

இடத்தைப் பற்றிய செய்தி நம் நாட்டோடும் தொடர்புடையது. 1845 முதல் 1850 வரை இலங்கையிற் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த எமேர்சன் டெனன்ற், 1859இல் வெளியிட்ட தம் இலங்கை வரலாற்று நூலில், விவிலியம் கூறும் தர்ஷீஸ் துறைமுகம் நமது காலியே என வாதிட்டார். அந்நூலும் இணையத்தில் உளது. மயிலும் யானையும் குரங்கும் இந்நாட்டில் உண்மையால் அவர் வாதம் கவர்ச்சியுடையதே. ஆயின் தர்ஷீஸ் என்பது தென் ஸ்பெயினிலிருந்த தார்த்தெசுஸ் என்பதே பலர் கருத்து. சார்தீனியாத் தீவிற் கிடைத்த, கி. மு. 9ஆம் அல்லது 8ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் பினீசியக் கல்வெட்டிலும் தர்ஷீஸ் என்னும் பெயர் காணப்படுகின்றது. அன்றியும், ‘தர்ஷீஸ் கப்பல்’ என்பது நெடுந்தூரம் செல்லும் பெருங்கப்பல் வகையையும் குறிக்கும். செங்கடற் பக்கத்து எசியோன்கேபேரிலிருந்து ஓப்பீருக்குச் சென்றவையாகச் சாலமோனின் கப்பல்கள் வேறோரிடத்திற் கூறப்படுகின்றன. ஓப்பீர்ப் பொன் என்னும் குறிப்புடைய, கி. மு. 8ஆம் நூற்றாண்டு ஓட்டுச் சில்லொன்று தெல் அவிவ் நகரத்தெல்லையிலுள்ள தெல் கசீலே என்னுமிடத்திற் கிடைத்துள்ளது. ஓப்பீர் என்பது பொன்னுக்குப் பெயர்பெற்ற இடமாயிருந்தது என்பது இதனால் உறுதியாகின்றது. அது எங்கிருந்தது என்பது உறுதியாகவில்லை.

இவையனைத்தையும் சீர்தூக்குமிடத்து, தோகையே துக்கியாயிற்று என்பது இயலக்கூடிய கருத்து. அறிஞர் சிலரால் ஏற்கப்பட்டது. ஆயின் முடிந்த முடிபன்று. யான் பல ஆண்டுகள் ஐயமின்றிப் பெறப்படும் எனக் கூறி வந்தது பிழையாகும்.

மண்ணிலிருந்து கிடைத்த சான்றுகள்

எல்லா வினாக்களும் இவ்வாறு முடிவின்றி நிற்பனவல்ல. கி. மு. 701இல் அசீரிய வேந்தன் சனகெரிப் யூதேயா நாட்டின்மீது படையெடுத்தமை நல்லதோர் எடுத்துக்காட்டு. விவிலியத்தில் அரசர் இரண்டாம் நூல், எசேக்கியா அரசன் அவனுக்கு 30 தாலந்து பொன்னும் 300 தாலந்து வெள்ளியும் திறையளித்தான் என்கின்றது. நினிவேயிற் கிடைத்த சனகெரிப்பின் களிமண் பட்டயம் பொன்னை 30 தாலந்து என்றே கூறி, வெள்ளியை 800 தாலந்தாக்குகின்றது. எருசலேமை முற்றுகையிட்டதாகக் கூறும் அப்பட்டயம், அதனைக் கைப்பற்றியதாகக் கூறவில்லை. நகரம் வீழவில்லை என்பதே விவிலியத்தின் கூற்றும். லாகீசு என்னும் நகரை அவன் வென்ற காட்சி, நினிவே அரண்மனைச் சுவர்களிற் புடைப்புச் சிற்பமாகச் செதுக்கப்பட்டிருந்தது. பட்டயமும் சிற்பங்களும் பிரித்தானிய நூதனசாலையில் உள; அதன் இணையத்தளத்திற் படங்களையும் விளக்கங்களையும் காணலாம். எருசலேமிலுள்ள சுமார் 530 மீற்றர் நீளமான நீர்ச்சுரங்கம், எசேக்கியா வெட்டுவித்ததாக விவிலியம் கூறுவதே எனப் பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. அதனுள் 1880இற் காணப்பட்ட கல்வெட்டு இன்று இஸ்தான்புல் நூதனசாலையில் உளது.

ஒரே நிகழ்ச்சியை வென்றோன் எழுதிய பட்டயமும், தாக்கப்பட்டோர் எழுதிய நூலும் எவ்வெவ்வாறு கூறுகின்றன என்பதை அருகருகே வைத்து நோக்கும் மாணவன், வரலாற்றுச் சான்றினை எடைபோடும் முறையையே கற்றுக்கொள்கின்றான். அப்பயிற்சி சோழர் மெய்க்கீர்த்தியைப் படிக்கும்போதும் மகாவம்சத்தைப் படிக்கும்போதும் அவனுக்கு உதவும்.

தமிழில் உள்ளவை

மேற்கூறியவற்றுட் பெரும்பாலானவை ஆங்கிலத்திலேயே உள. தமிழிற் கிடைப்பனவும் சில உண்டு. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய ‘திருவிவிலியம்’ தமிழ் விக்கிமூலத்தில் உளது. ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் 2005 முதல் மின்வடிவிற் சேர்த்து வரும் ‘நூலகம்’ தளம், இந்நாட்டுச் சைவ, கிறித்தவ வரலாற்றை ஆராய்வோர்க்கு இன்றியமையாதது. சங்க நூல்களை ஒப்புநோக்க விரும்புவோர்க்கு 1998இல் தொடங்கப்பெற்ற ‘மதுரைத் திட்டம்’ உண்டு. தரங்கம்பாடியிற் சீகன்பால்கு ஐயர் தமிழாக்கிய புதிய ஏற்பாடு 1714–1715இல் அச்சாயிற்று. அவருடைய மிஷன் பற்றிய அறிக்கைகளை ஜேர்மனியிலுள்ள ஹால்லே நகரத்துப் பிராங்கே நிறுவனம் மின்வடிவாக்கியுள்ளது.

கருத்திற் கொள்ள வேண்டியவை

இணையத்தில் நன்மணியும் பதரும் கலந்தே கிடக்கின்றன. ஆதலின் ஒரு செய்தியைக் காணும் மாணவன் நான்கு வினாக்களை எழுப்புதல் வேண்டும். இதனைக் கூறுபவர் யாவர்? எப்போது கூறினார்? காட்டும் சான்று யாது? மாற்றுக் கருத்தையும் எடுத்துரைக்கின்றாரா? நூதனசாலை, பல்கலைக்கழகம், நூலகம் என்பவற்றின் தளங்களை முதலிலும், தனியார் தளங்களைப் பின்னரும் நாடுதல் நன்று. பரப்புரைக்காக எழுதப்பட்டது எச்சமயத்தாருடையதாயினும் அதனைப் பரப்புரையாகவே கொள்ளுதல் வேண்டும். நமக்கு உவப்பானது என்பதற்காகத் தமிழ்ப் பெருமை பேசும் செய்திகளுக்கு விலக்களித்தலும் ஆகாது.

பதிப்புரிமை நீங்கிய பழைய நூல்களே இலவசமாக மிகுதியுங் கிடைக்கும். கால்டுவெல்லும் டெனன்றும் அத்தகையோரே. அவர்கள் காலத்திற் சாக்கடல் ஏடுகள் வெளிப்படவில்லை என்பதை மறத்தலாகாது. விக்கிப்பீடியாவைத் தொடக்கமாகக் கொள்ளலாம். அதன் அடிக்குறிப்புகளைப் பின்தொடர்ந்து மூலத்தை அடைதல் வேண்டும். வினாவுக்கு உடனே விடை எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இல்லாத நூல்களையும் உள்ளனபோலக் காட்டுதல் உண்டு. ஆகவே அவை கூறும் நூலையும் பக்கத்தையும் நேரிற் பாராமல் எடுத்தாளுதல் தகாது.

மலையகத்திற் பல தோட்டங்களில் இணைய அலை சீராகக் கிடைப்பதில்லை. கிடைப்பினும் ‘டேட்டா’வுக்குச் செலவிடும் பணம் பெற்றோரின் நாட்சம்பளத்திலிருந்தே வரவேண்டும். இதனாற் பாடசாலையிற் கணினி உள்ளவிடத்து, ஆசிரியர் ஒருவர் வேண்டிய நூல்களையும் படங்களையும் ஒருமுறை பதிவிறக்கி வைத்தால், அவற்றை மாணவர் பலரும் மேலதிகச் செலவின்றிப் பயன்படுத்தலாம். எமது பாடசாலையில் அவ்வாறு ஒரு சிறு தொகுதியை ஆரம்பித்துள்ளோம்.

முடிவுரை

தவணை கேட்ட வாரம் கழிந்தபின், யான் முன்னர்க் கூறியது முடிந்த முடிபன்று என்பதை வகுப்பில் ஒப்புக்கொண்டேன். இரு பக்கத்துச் சான்றுகளையும் கரும்பலகையில் எழுதி, எது வலியது என மாணவரையே கேட்டேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. வினாவை எழுப்பிய மாணவியோ, எல்லாரும் எதிர்பார்த்ததற்கு மாறாக, மயிலின் பக்கமே நின்றாள். யானைத் தந்தம் வந்த கப்பலில் மயிலும் வந்திருக்கலாம் என்பது அவள் கூறிய காரணம். அதற்குச் சான்று யாது எனப் பின்வரிசையிலிருந்து மற்றொரு மாணவன் வினவினான்.

சான்று யாது என்னும் அவ்வினா நம் மாணவரிடையே எழத் தொடங்கிவிட்டது. அதற்கு விடை தேடுவதற்குரிய நூல்களும் இன்று நம் மலைகளுக்கு வந்து சேர்ந்துள்ளன. அவற்றை அவர் கையில் ஒழுங்குபெறச் சேர்ப்பித்தல் ஆசிரியராகிய எம்போல்வார் கடனாகும்.